பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

"சிஸ்டத்த ஆன் போட்டுட்டு சாயா குடிச்சிட்டு வந்தாலும் சுத்திட்டே கெடக்கு." நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். புதுசா போட்டுருவோம்." போட்டபின் ஒரு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். சில கம்ப்யூட்டர்களில் ஃபார்மட் அடித்த அன்றைக்கே அதே நாலு நிமிடம் ஆகும். தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கையோ, தீர்ந்துபோன பேட்டரியையோ, உப்புக்காற்றில் கறுத்த காண்டாக்டையோ ஃபார்மட் தொடுவதில்லை. எந்த இடத்தில் நேரம் போகிறது என்று பார்க்காமல் செய்கிற எந்த வைத்தியமும் இருட்டில் கல் எறிவதுதான்.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்தியது. ஆனாலும் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் டி.டி.பி. கடைகளிலும், ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகளின் கணக்கு மேசையிலும், தேவாலயப் பங்கு அலுவலகங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பழைய பிரிண்டரும் அதில்தான் மக்கர் பண்ணாமல் வேலை செய்கின்றன என்பது முக்கியக் காரணம். கீழே சொல்வதெல்லாம் அந்த மாதிரிக் கம்ப்யூட்டர்களுக்கு. அதைவிடப் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மாறுபடும் இடம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறோம்.

முதலில் கடிகாரம்

கம்ப்யூட்டர் திறப்பதை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் சின்னம் தெரியும்வரை முதல் கட்டம். இதில் விண்டோஸுக்கு வேலையே இல்லை. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு புரோகிராம் ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்கிறது. சின்னம் தெரிந்ததிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை இரண்டாம் கட்டம். விண்டோஸின் அடிப்படைப் பகுதிகளும், கருவிகளை இயக்கும் டிரைவர்களும், திரைக்குப் பின்னால் ஓடும் சர்வீஸ்களும் டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு ஏறும் நேரம் இது. டெஸ்க்டாப் வந்தபின், மவுஸ் அம்புக்குறி பக்கத்தில் சுற்றும் வளையம் நின்று, ஒரு ஃபோல்டரைத் தட்டினால் உடனே திறக்கும்வரை மூன்றாம் கட்டம்.

மொபைலில் ஸ்டாப் வாட்ச் வைத்து மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு தட்டும் நேரத்தைக் கழித்துவிடுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜி.பி. ரேமும் உள்ள நல்ல நிலையிலிருக்கும் கம்ப்யூட்டரில் முதல் கட்டம் 10 முதல் 20 வினாடி, இரண்டாவது ஒரு நிமிடத்துக்குள், மூன்றாவது அதே அளவு இருந்தால் குறை சொல்ல முடியாது. எது இதைவிட ரொம்ப நீள்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். எதையாவது மாற்றினால், மாற்றியபின் வரும் முதல் ஸ்டார்ட்டை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். முந்தைய சில தடவைகளில் எந்த ஃபைல் எப்போது தேவைப்பட்டது என்ற பதிவை வைத்துத்தான் விண்டோஸ் 7 அடுத்த தடவை ஃபைல்களை முன்கூட்டியே எடுத்து வைக்கிறது. அது புது நிலைமைக்குப் பழக இரண்டு மூன்று தடவை ஆகும்.

பின்னிரண்டு கட்டங்களின் நேரத்தை விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஈவண்ட் வியூவர் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறங்கள். இடது பக்கத்தில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், கடைசியாக ஆபரேஷனல் என்று இறங்குங்கள். வலது பக்கத்தில் ஈவண்ட் ஐ.டி. 100 என்று இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு தடவை ஸ்டார்ட் ஆனதன் பதிவு. ஒன்றைத் திறந்தால் பூட் டியூரேஷன் என்று ஓர் எண், உதாரணமாக 187432, மில்லிசெகண்டில் இருக்கும். ஆயிரத்தால் வகுத்தால் 187 வினாடி, அதாவது 3 நிமிடம் 7 வினாடி. டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போனால் அதையே இரண்டாகப் பிரித்துக் காட்டும்: மெயின் பாத் பூட் டைம் 41200, பூட் போஸ்ட் பூட் டைம் 146232. முதலாவது டெஸ்க்டாப் வரும்வரை, இரண்டாவது வந்த பிறகு. ஆக, இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 41 வினாடியில் தன் வேலையை முடித்துவிட்டது. மீதி 146 வினாடியைத் தின்றது ஸ்டார்ட்டில் சேர்ந்து ஓடும் புரோகிராம்கள். இதற்கு ஃபார்மட் எதற்கு?

அதே பட்டியலில் 101 என்றால் ஏதோ ஒரு புரோகிராம், 102 என்றால் டிரைவர், 103 என்றால் சர்வீஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது என்று அர்த்தம். பெயரும் கூடவே இருக்கும். ஒரே பெயர் நாள்தோறும் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது.

சின்னம் வருமுன்னே தாமதம்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தோடு நிற்கிறது என்றால் முதலில் யு.எஸ்.பி.யில் செருகியிருக்கும் பென் டிரைவ், கார்டு ரீடர், டேட்டா கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதிலிருந்து விண்டோஸ் கிடைக்குமா என்று பயாஸ் தேடிக்கொண்டிருக்கலாம். அடுத்தது, வருடக்கணக்கில் யாரும் தொடாத டி.வி.டி. டிரைவ். செத்த டிரைவ் பதில் சொல்லும் என்று பயாஸ் காத்திருக்கும். அதன் கேபிளை மதர்போர்டில் உருவிவிட்டால் தீர்ந்தது.

தேதி தப்பாகக் காட்டுகிறதா? "எஃப்1 அழுத்து" என்று தினமும் கேட்கிறதா? அது சி.ஆர். 2032 என்ற நாணய பேட்டரி, 3 வோல்ட், தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். இது போனால் தேதி மட்டும் போவதில்லை. பயாஸில் நாம் வைத்திருந்த செட்டிங் எல்லாம் கம்பெனியில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். சில மதர்போர்டுகளில் அப்போது லேன் வழியாக பூட் ஆவது முன்னுக்கு வரும். திரையில் "செக் கேபிள்" என்று ஒரு வரி வந்து, நெட்வொர்க்கில் யாரும் பதில் சொல்லாமல், பிறகுதான் ஹார்ட் டிஸ்க் பக்கம் திரும்பும். தேதி தப்பானால் பிரவுசரில் பல தளங்கள் "பாதுகாப்பு இல்லை" என்று திறக்காமல் போவதும் இதே பேட்டரியால்தான்.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள். கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். மாற்றியபின் பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, ஹார்ட் டிஸ்க்கை முதல் இடத்தில் வையுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா மோடு என்ற இடத்தில் ஐ.டி.இ. அல்லது ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கும். விண்டோஸ் போட்டபோது எது இருந்ததோ அதுவே இருக்க வேண்டும். பேட்டரி போனதில் இது மாறியிருந்தால் விண்டோஸ் நீலத் திரை காட்டி மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். பயந்து ஃபார்மட் அடித்துவிடுவார்கள். மற்ற மோடுக்கு மாற்றி வைத்தால் அப்படியே எழுந்துவிடும்.

சின்னத்திலேயே நிற்கிறது: டிஸ்க்

பழைய கம்ப்யூட்டரில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். தேவையான இடம், படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, ஹெட் நகர்ந்து அந்த இடத்துக்குப் போகச் சுமார் 9 மில்லிசெகண்ட். ஆக ஒவ்வொரு துண்டை எடுக்கவும் 13 மில்லிசெகண்ட். வினாடிக்கு எழுபது எண்பது துண்டுகள்தான். விண்டோஸ் எழும்போதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் வேண்டும். எல்லாச் சாமானும் வடசேரிச் சந்தையிலேயே கிடைத்தால் ஒரு நடை. அரிசி கோட்டாற்றில், காய் வடசேரியில், மறுபடி மிளகாய் கோட்டாற்றில் என்று ஓடினால்? டிஸ்க் முக்கால்வாசிக்குமேல் நிறைந்து, ஃபைல்கள் சிதறிக் கிடக்கும்போது ஹெட் படுகிற பாடு அதுதான். சி டிரைவில் 15 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் சிதறிய ஃபைல்களைச் சேர்த்து அடுக்கும் டிஃப்ராக்கூட ஒழுங்காக வேலை செய்யாது.

ஆனால் சிதறலைவிட மோசமானது தேய்மானம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை அது காட்டும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இன்றைக்கே ஃபைல்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள். நிறத்தோடு நில்லாமல் எண்களையும் பார்க்க வேண்டும். 05 என்ற வரி, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு கட்டங்களின், எண்ணிக்கை. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்யமாக இருப்பது நல்லது. எண்கள் பதினாறின் அடிமானத்தில் தெரியும். ஃபங்க்‌ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பமில்லை.

சி5 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் நடப்பது இது: அந்த செக்டரைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். ஒவ்வொரு முயற்சியும் சில வினாடிகளை விழுங்கும். அந்த இடத்தில் விண்டோஸ் ஃபைல் ஒன்று இருந்தால், சின்னம் மினுங்கிக்கொண்டே நிற்கும், கேபினெட்டில் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், காது வைத்துக் கேட்டால் "டக்... டக்" என்று மெல்லிய சத்தம் வரும். ஃபார்மட் அடித்ததும் ஒரு மாதம் நன்றாக ஓடுவதன் ரகசியமும் இங்கேதான். விண்டோஸ் ஃபைல்கள் இடம் மாறி நல்ல செக்டரில் உட்கார்ந்திருக்கும். கெட்ட இடம் அப்படியே இருக்கும். நாளாக நாளாக அது பரவும்.

இந்த நிலையில் செய்யக்கூடாதது ஒன்று: விண்டோஸோடு வரும் செக் டிஸ்க் என்ற சோதனையை, கெட்ட செக்டர் தேடும் ஸ்கேனோடு ஓட விடுவது. அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே செத்துவிடலாம். முதலில் முக்கிய ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள், பிறகுதான் மற்றது.

சி7 என்ற வரி மட்டும் பெருகி, மற்றவை பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அது கேபிளில் வரும் தவறுகளின் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடலோரத்தில் இது அடிக்கடி நடக்கும். உப்புக்காற்றில் சாட்டா காண்டாக்டும் ரேம் கால்களும் மங்கிவிடும். ஜூனிலிருந்து டிசம்பர்வரை இரண்டு மழைக்காலமும் உள்ள மாவட்டத்தில் கடலோரம் இல்லாத ஊர்களிலும் ஈரம் தன் வேலையைக் காட்டும். கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, இனி கூடாமல் இருந்தால் போதும். எக்ஸ்.பி.யில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: ஆறு தடவை தவறு வந்ததும் அது டிஸ்க்கின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பி.ஐ.ஓ. என்ற ஆமை வேகத்தில் நிறுத்திவிடும். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐ.டி.இ. சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் திரும்பும்.

கேபினெட்டைத் திறந்த கையோடு ரேமையும் கவனித்துவிடுங்கள். இரண்டு ரேமில் ஒன்று காண்டாக்ட் இல்லாமல் போனால் 4 ஜி.பி. 2 ஜி.பி. ஆகிவிடும். கம்ப்யூட்டர் ஓடும், நொண்டிக்கொண்டு ஓடும். கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ரேம் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் இரண்டு பக்கக் கொக்கியும் "க்ளிக்" என்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். ஈரத்துணியும் தேங்காயெண்ணெயும் வேண்டாம்.

கரண்ட் கட்டில் அணைந்த கம்ப்யூட்டர் அடுத்த தடவை நீலமாகவோ கறுப்பாகவோ ஒரு திரையில் "செக்கிங் ஃபைல் சிஸ்டம்" என்று நின்றால், ஏதாவது கீயை அழுத்தித் தாண்டாதீர்கள். தாண்டினால் மறுநாளும் கேட்கும். ஒரு தடவை முடிக்க விடுங்கள். ஒழுங்காக ஷட்டவுன் செய்த மறுநாளும் அது வந்தால் மேலே சொன்ன ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள்.

வெல்கம் என்ற இடத்தில் சரியாக அரை நிமிடம் நிற்கிறதா? விண்டோஸ் 7இல் ஒரு வேடிக்கையான பிழை இருந்தது. படம் எதுவும் இல்லாமல் வெறும் ஒற்றை நிறத்தை டெஸ்க்டாப் பின்னணியாக வைத்தால் லாகின் 30 வினாடி தாமதிக்கும். பின்னர் வந்த அப்டேட் அதைச் சரிசெய்தது. அப்டேட்டே போடாத காப்பிகளில் இன்னும் இருக்கும். ஒரு படத்தை வால்பேப்பராக வைத்தால் போதும். கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் திற்பரப்பு அருவியை வைத்துக்கொள்ளலாம், செலவில்லை.

டெஸ்க்டாப் வந்தும் எதுவும் திறக்கவில்லை

விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்-எஸ்-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளியில்லாமல் தட்டுங்கள். ஸ்டார்ட்அப் பக்கத்தில் டிக் எடுத்தால் அந்தப் புரோகிராம் ஸ்டார்ட்டில் ஓடாது, அழியவும் செய்யாது. மறுபடி டிக் போட்டால் திரும்பும். பி.டி.எஃப். ரீடர், மீடியா பிளேயர், மொபைல் கம்பெனிகளின் சிங்க் மென்பொருள், பிரிண்டரின் இங்க் அளவு காட்டி, எப்போதோ வாங்கிய டேட்டா கார்டின் மென்பொருள் ஆகியவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். ஆன்டிவைரஸ், லேப்டாப்பின் டச்பேட், இ-கலப்பை அல்லது என்.எச்.எம். ரைட்டர் மாதிரித் தமிழ்க் கீபோர்டு ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

சர்வீசஸ் பக்கத்தில் கீழே இருக்கும் "ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்" என்பதில் டிக் போட்ட பிறகே கை வையுங்கள். இ-சேவை வேலை செய்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஆதார் கைரேகைக் கருவியின் ஆர்.டி. சர்வீஸும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் சர்வீஸும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். எடுத்துவிட்டால் மறுநாள் கூட்டம் நிற்கும்போது கருவி பேசாது.

அதே ஜன்னலில் பூட் பக்கத்தில் பிராசசர் எண்ணிக்கையை அதிகமாக வைத்தால் வேகமாகும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது உண்மை இல்லை. விண்டோஸ் ஏற்கெனவே எல்லாவற்றையும்தான் பயன்படுத்துகிறது. அந்த இடம் சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைப்பதற்கு. ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்வதும் அதே ரகம். முன்கூட்டியே எடுத்து வைக்கச் சேர்த்த பதிவை அழித்தால் அடுத்த சில ஸ்டார்ட்கள் இன்னும் மெதுவாகத்தான் ஆகும். ரெஜிஸ்ட்ரி கிளீனரைத் தொடாதீர்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேர் சோதிப்பார்கள், ஒன்றை முழுவதுமாக நீக்குங்கள். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரை நெட்வொர்க் டிரைவாக மேப் செய்திருந்து, அது அணைந்திருந்தால் அதற்காகவும் விண்டோஸ் காத்திருக்கும்.

டி.டி.பி. கடைகளுக்கென்றே ஒரு நோய் உண்டு, ஃபான்ட். பாமினியில் தொடங்கி ஆளாளுக்குக் கொடுத்த சி.டி.யிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் ஃபான்ட் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். விண்டோஸ் எழும்போதும் பேஜ்மேக்கர் திறக்கும்போதும் அத்தனையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். உண்மையில் தினமும் பயன்படுவது இருபதோ முப்பதோ. மொத்தத்தையும் வேறு டிரைவில் ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, பயன்படாத தமிழ், டிசைன் ஃபான்ட்களை நீக்குங்கள். ஏரியல், டஹோமா, சீகோ, லதா போல விண்டோஸோடு வந்தவற்றை விட்டுவிடுங்கள்.

காசு செலவழிப்பதானால்

முதல் ரூபாய் எஸ்.எஸ்.டி.க்குப் போகட்டும். அதில் சுற்றும் தட்டு இல்லை. ஒரு துண்டை எடுக்க 13 மில்லிசெகண்ட் ஆனது பத்தில் ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு இறங்கிவிடும். பழைய மதர்போர்டில் சாட்டா 2 போர்ட் தானே என்று தயங்க வேண்டாம். அதன் வினாடிக்கு 3 ஜிகாபிட் வேகமே இதற்குத் தாராளம், ஸ்டார்ட்டில் நாம் மிச்சம் பிடிப்பது தேடும் நேரத்தைத்தான். 240 ஜி.பி. போதும். விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில், பழைய டிஸ்க் நலமாக இருந்தால் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில். எக்ஸ்.பி.க்கு எஸ்.எஸ்.டி. வாங்காதீர்கள். எந்த இடம் காலியானது என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் டிரிம் வசதி எக்ஸ்.பி.யில் இல்லை.

அடுத்து ரேம். 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது, அதிலும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். எனவே 8 ஜி.பி. போடுமுன் 64 பிட்டா என்று பாருங்கள். இதே டிஸ்க்கில் விண்டோஸ் 10 போட்டால் வேகமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கில் அது இன்னும் மெதுவாகத்தான் எழும். இன்னொரு விஷயம்: விண்டோஸ் 7க்கு குரோம் 109ஓடு நின்றுவிட்டது. பேஜ்மேக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள்.

கையில் காசில்லை, டிஸ்க்கும் நலம் என்றால் தினமும் ஷட்டவுன் செய்வதற்குப் பதில் ஹைபர்னேட் செய்யுங்கள். ரேமில் இருப்பது மொத்தமும் டிஸ்க்கில் ஒரே பெரிய ஃபைலாக எழுதப்பட்டு கம்ப்யூட்டர் முழுவதும் அணைந்துவிடும். இரவில் கரண்ட் போனாலும் கவலையில்லை. காலையில் ஆயிரம் துண்டுகளைத் தேடி ஓடாமல் அந்த ஒரு ஃபைலை வரிசையாகப் படித்தால் போதும், நேற்று விட்ட இடத்திலேயே திறக்கும். ஷட்டவுன் பட்டன் பக்கத்து அம்புக்குறியில் ஹைபர்னேட் தெரியவில்லை என்றால், பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் ஸ்லீப் என்பதற்குள் "அலவ் ஹைப்ரிட் ஸ்லீப்" என்பதை ஆஃப் செய்யுங்கள், வந்துவிடும். வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை கடை அடைக்கும்போது, முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். ஹைபர்னேட்டிலிருந்து எழுந்தபின் கைரேகைக் கருவியோ டோக்கனோ தெரியவில்லை என்றால் உருவி மறுபடி செருகினால் சரியாகும்.